கதவுக்கு இந்தப் பக்கம்

எங்கள் படத்தைப் பற்றி ஒருவர் பத்திரிகையில் முழுப் பக்கம் எழுதியிருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் மகள் கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசாததில்தான் இயக்குநரின் மேதைமை இருக்கிறதாம். அந்த மௌனம் ஒரு தலைமுறையின் மௌனமாம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்தது நான். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது. தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசினேன். அதையெல்லாம் வெளியே விட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்றுதான் வெட்டி எறிந்தார்கள்.

முதலில் இருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது.

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம் அவருடைய கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் சினிமா எடுத்தே தீருவேன் என்று அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. சில ஆண்களுக்கு அந்த வயதில் வேறு மாதிரிக் கிறுக்கெல்லாம் பிடிக்கிறது, இது எவ்வளவோ தேவலை என்று நானும் தலையாட்டிவிட்டேன். கையில் இருந்தது கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற அதே கேமரா, எங்கள் வீடு, ஞாயிற்றுக்கிழமைகள். செலவுக்கு என்று ஒதுக்கிய காசில் ஒரு கல்யாண மேடைக்குப் பூ வாங்க முடியாது.

கதை சின்னது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிற மகள், அவளை விட மனசில்லாத அம்மா. அம்மாவாக நடிக்க என் மாமியாரைப் பிடித்தார். சம்பளம் கேட்கமாட்டார், சாப்பாடும் அவரே சமைத்துவிடுவார் என்பது கணக்கு. மகளாக நடிக்க ஒரு நாடகக்காரப் பெண் வந்தாள். இரண்டு ஞாயிறு வந்தவள், அடுத்த ஞாயிறு சம்பளம் தருகிற இடத்துக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது? வயிறு எல்லோருக்கும் இருக்கிறது.

அன்று காலை முழுக்க அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தார். மகள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம், அவள் முகத்தைக் காட்டவே வேண்டாம், அம்மா வெளியே நின்று கதவோடு பேசட்டும், அதுதான் படம் என்றார். என் புருஷனுக்கு மூளை இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்ட நாட்கள் குறைவு. அதில் அது ஒன்று.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே ஊரை மேய்த்தவர். அவர் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. வண்டி வருகிறது என்பதையும் வண்டி போய்விட்டது என்பதையும் ஒரே மாதிரிதான் சொல்வார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அவர் சொன்ன தோரணையில், வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்து நான் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டேன். பிறகு ஆள் அனுப்பி விளக்க வேண்டியிருந்தது.

என் வேலையும் ஏறக்குறைய அதே ஜாதகம். வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவு. காலையில் ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் சாயங்காலம்வரை முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. குரலைக் கேட்டால் போதும், ஆள் எப்படிப்பட்டவர், கோபம் நிஜமா நடிப்பா, எங்கே வலிக்கிறது, எல்லாம் சொல்லிவிடுவேன். அடங்காத ஆட்களை எல்லாம் ஆபீசில் என் பக்கம்தான் தள்ளிவிடுவார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தத் தேன் குரலையும் கழற்றிவிடுவேன். பகல் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்கேயாவது இறக்க வேண்டாமா? அத்தையும் வஞ்சனை இல்லாமல் வட்டியோடு திருப்பித் தருவார். பாவம், என் வீட்டுக்காரர் நடுவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய கல்யாணத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்.

நடிப்பு என்று வந்ததும் அத்தை கவிழ்த்துவிட்டார். 'நீ போய்விட்டால் இந்த வீடு இருண்டுவிடும் மகளே' என்று எழுதிக்கொடுத்ததை, வண்டி தாமதமாக வரும் என்று அறிவிப்பது போல அறிவித்தார். தெருமுனை மொபைல் கடைக்காரர்தான் எங்கள் ஒலிப்பதிவாளர். துடைப்பக் கட்டையின் நுனியில் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டையோடு சமையலறைக்கு ஓடிவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே அறிவிப்பு. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று.

நான் அந்த நேரத்தில் படுக்கையறைக்குள் சாத்திய கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டில் மேல் ஈரத் துண்டு கிடந்தது. படப்பிடிப்பாவது ஒன்றாவது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் இதை இங்கே போட்டது என்று உள்ளிருந்தே கத்தினேன். அத்தை வெளியிலிருந்து கதவைப் பார்த்துத் திரும்பி, நான்தான் போட்டேன், இந்த வீட்டில் ஒரு துண்டு போட எனக்கு உரிமை இல்லையா என்று ஆரம்பித்தார் பாருங்கள், துண்டில் தொடங்கி, நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பால் பாத்திரத்தைத் தீய்த்ததுவரை போய்த்தான் நின்றார். நானும் விடவில்லை. ஓய்ந்த பிறகு வெளியே வந்தால், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் லாட்டரி விழுந்தவன் மாதிரி நிற்கிறார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. அவர் எழுதிய வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஞாயிறு காலை மின்விசிறியை நிறுத்துவோம், சத்தம் வரும். ஃப்ரிட்ஜை நிறுத்துவோம், அதுவும் முனகும். திரும்பப் போட மறந்து ஒரு வாரத்துப் பாலும் காய்கறியும் வீணான பிறகு, மொபைல் கடைக்காரர் தன் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப் பழகிக்கொண்டார். சாவி எடுக்கப் போனால்தானே வீட்டுக்குப் போக முடியும், அப்போது ஃப்ரிட்ஜும் ஞாபகம் வரும். நான் அறைக்குள் போய்த் துணிக் குவியல் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து சண்டையை ஆரம்பிப்பேன். அத்தை அதே பச்சைப் புடவையில் வெளியே நின்று பதில் கொடுப்பார். பின்னால் என் பாதியை வெட்டிவிட்டு, அத்தையின் பாதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு விதி. 'கட்' சொன்னதும் சண்டை முடிந்தது. கதவுக்குப் பின்னால் பேசியதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அதற்கு அத்தை தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர்க் குழாயை யார் சரியாக மூடவில்லை என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை காய் நறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோ. இப்ப வீணாக்காத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே பழகிப்போனது. வாரம் முழுக்கக் கோபத்தைச் சேர்த்து வைப்போம். ஞாயிறு வந்து பார்த்தால் பாதி ஆறிப்போயிருக்கும், மீதி மறந்துபோயிருக்கும். வார நாட்களில் எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி. நான் ஆபீஸ் விட்டு வந்தால் அத்தை டீ போட்டு வைத்திருப்பார். இன்றைக்கு யார் உன்னைத் திட்டினார்கள் என்று கேட்பார். நான் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவேன். டிக்கெட் வாங்க வந்து ஊர்ப் பெயரை மறந்தவர்களின் கதையை அவர் சொல்வார். இத்தனை வருடம் இந்தப் பெண்மணியோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருக்கிறேன், இவர் இவ்வளவு வேடிக்கையானவர் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அம்மா இல்லை. அதையும் அப்போதுதான் அடிக்கடி நினைத்தேன்.

படத்துக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. ஒரு ஞாயிறு நான் உள்ளே உட்கார்ந்து எவ்வளவு முக்கியும் கோபம் வரவில்லை. இருந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். அத்தை, "ஆமா, என் மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கேமராவை நிறுத்திவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் ராசியாகி என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று புலம்பினார். உலகத்திலேயே அம்மாவும் மனைவியும் ஒற்றுமையாக இருப்பதற்காக அழுத ஒரே ஆண்பிள்ளை அவராகத்தான் இருப்பார். படத்தின் கடைசிக் காட்சி மட்டும் மிச்சம் இருந்தது. மகள் கிளம்பப் போகிறாள். அம்மா போகாதே என்று கெஞ்ச வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் இருந்து மேனேஜர் போனில் கூப்பிட்டார். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள், புகார் பிரிவுக்கு என்னைத் தலைமையாகப் போடுகிறார்கள், அடுத்த மாதமே சேர வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் எத்தனையோ வருடமாக எதிர்பார்த்த பதவி. அத்தைக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவருடைய கல்யாண ஆர்டர்கள் எல்லாம் இந்த ஊரில்தான். அத்தையும் வீட்டை விட்டு அசையமாட்டார். போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். புருஷனை விட்டுப் போகிறோமே என்று கவலை இல்லையா என்று கேட்பீர்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் ஊரில் இல்லாத மாதிரிதான். எனக்குத் துக்கம் எல்லாம் அந்தச் சாயங்கால டீயை நினைத்துத்தான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அம்மாகிட்ட இத இப்ப சொல்லாத. ஞாயித்துக்கிழமை கதவுக்குப் பின்னால இருந்து சொல்லேன். கேமரா ஓடட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருந்தால் தெருவே கூடியிருக்கும். கத்தவில்லை. ஆபீஸ் குரலில், உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, எங்களால் உதவ முடியாததற்கு வருந்துகிறோம் என்று சொன்னேன். அந்தக் குரலுக்கு அவருக்குப் பயம். பெற்றவளின் கண்ணீரைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்துத்தான் நீங்கள் பெரிய ஆளாக வேண்டுமா என்று அப்புறம் என் சொந்தக் குரலில் கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போய், தப்புதான், மறந்துவிடு என்றார்.

அத்தையிடம் சமையலறையில் வைத்து முறையாகச் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன். வாய் வரவில்லை. என்ன வேண்டும் உனக்கு, ஏன் காலைச் சுற்றுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆசைதான் இருந்தது. அவர் ஒரு தடவை போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் மேனேஜருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன். எனக்கு அவர் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு நான் வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, சாவி உள்ளே போனது. நான் துணிக் குவியல் மேல் உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, வாளியை யார் வெயிலில் வைத்து விரிசல் விடச் செய்தது என்று கேட்டேன். எனக்கே அது சண்டையாகத் தெரியவில்லை.  வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வாளிய விடு. நீ என்னிக்கிக் கெளம்புற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"குளியலறையில போய்ப் பேசுனா சமையலறைக்குக் கேக்காதா? நடுவுல ஒத்தச் சுவருதான இருக்கு. அன்னிக்கே தெரியும். ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிருந்தேன்."

நான் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சாயம், கைப்பிடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அழுக்கு. அதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை பேசிக்கொண்டே போனார். நல்ல வேலை, ஒத்துக்கொள் என்றார். அங்கே தண்ணீர் எப்படி என்று விசாரித்துக்கொள், உனக்குச் சீக்கிரம் முடி கொட்டும் என்றார். தடித்த போர்வை ஒன்று பரண் மேல் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. உனக்குச் சமைக்கச் சோம்பல், எனக்குத் தெரியும். எல்லாம் அதே குரல், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல். ஓட்டை வழியாக டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் தள்ளுகிற குரல். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதில் எங்காவது ஒரு கீறல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"சரி. வண்டிய விட்டுடாத."

அதோடு அத்தை நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன். அந்தப் படம் முழுக்க நான் நிஜமாகவே பேசாமல் இருந்தது அந்த இடத்தில் மட்டும்தான். என் வீட்டுக்காரர் 'கட்' சொல்லவே இல்லை. எவ்வளவோ நேரம் கழித்துத்தான் சொன்னார். நான் கதவைத் திறந்து வந்தபோது அத்தை சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்து மொபைல் கடைக்காரரிடம் நீட்டினார். பால் கெட்டிருக்குமா பார் என்று என்னிடம் சொன்னார்.

எடுத்ததைக் காட்டுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இப்போது வேண்டாம், எடிட்டிங் முடியட்டும் என்றார். எப்போதும் எடுத்த கையோடு காட்டத் துடிக்கிற மனுஷன். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது. மறுநாள் மேனேஜருக்குப் போன் போட்டுச் சரி என்றேன்.

போர்வையோடு போனேன். புது ஊர், சின்ன அறை, கை நிறைய வேலை. சொல்லப்போனால் நன்றாகவே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தை போன் செய்வார். என்ன சமைத்தாய் என்று கேட்டு, நான் சொல்வதில் குற்றம் கண்டுபிடித்து, கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவார். நானும் சளைக்காமல் பேசுவேன். வைத்த பிறகு, ஒரு நாளாவது 'எப்போ வருவே' என்று கேட்கிறாரா பார் என்று சுவரிடம் சொல்லுவேன்.

இதற்கிடையில் படம் முடிந்து ஒரு விழாவுக்குப் போயிற்று. அங்கே பரிசு வந்தது. அதைப் பார்த்து இன்னொரு விழா கூப்பிட்டது. அப்புறம் ஒருவர் வாங்கி, சின்னச் சின்னத் தியேட்டர்களில் ஒரு காட்சி, இரண்டு காட்சி என்று போட ஆரம்பித்தார். படத்தைத் தூக்குகிற மாதிரி இல்லை, கூட்டம் வந்துகொண்டே இருந்தது. துடைப்பக் கட்டை பிடித்தவருக்கு ஒலிப்பதிவுக்கு என்று தனிப் பாராட்டு. அவர் அந்தக் கட்டையைக் கடையில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறார். நான் மட்டும் இன்னும் படம் பார்க்கவில்லை. நான் இருக்கிற ஊருக்குப் படம் வரும்போது எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

வந்தது. ரயிலில் அத்தையும் அவரும் வந்து இறங்கினார்கள். அத்தை என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக, இளைத்துவிட்டாய், சமைப்பதில்லை என்று தெரிந்துவிட்டது என்றார். தியேட்டரில் என்னை நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அத்தை. விளக்கு அணைந்தது. திரையில் எங்கள் வீட்டுக் கதவு வந்தது. அதன் வெளிப்பக்கம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஞாயிறும் நான் அந்தக் கதவின் உள்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அத்தை முகத்தைப் பார்த்ததே இல்லை.

திரையில் அத்தை ஈரத் துண்டுக்காகக் கதவைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த அழுக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தையின் வாயைத் துடைப்பது போல. இன்னொரு நாள், நான் உள்ளிருந்து ஏதோ பதிலடி கொடுத்திருக்க வேண்டும், அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிக்கிறார். சிரித்து முடித்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, "வாய மூடு" என்று வறட்டுக் குரலில் சொல்கிறார். தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட நான், வீட்டிலேயே ஒருத்தியைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

கடைசிக் காட்சி வந்தது. தண்ணீரைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போக, அத்தையின் கன்னம் இரண்டும் நனைந்து கழுத்துவரை வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. இரண்டு உள்ளங்கையையும் கதவின் மேல் வைத்திருந்தார். "வண்டிய விட்டுடாத" என்று சொல்லிவிட்டு நெற்றியைக் கதவில் சாய்த்தார். அதற்குப் பிறகுதான் அந்த நீளமான அமைதி. நான் துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழுகையை விழுங்கிக்கொண்டிருந்த அமைதி. அதில் அத்தையின் உதடு மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை. மைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் இத்தனை பெரிய திரையில் யாருக்கும் புரியும். போகாத. போகாத. போகாத.

என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"அம்மாதான் காட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. பாத்தா நீ போகமாட்டேன்னு."

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ எவரோ நடித்த படத்தைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, இத்தனை மாதம் நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று அங்கேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"ஏன் அத்தை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், அதே குரலில் சொன்னார்:

"இன்னிக்கி சனிக்கிழம. நாளைக்கி வெச்சுக்கோ."

சொல்லிவிட்டு இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எல்லோருடைய பெயரும் ஓடி முடிந்து விளக்குப் போட்ட பிறகும் விடவில்லை.